துத்தி இலை இருக்கட்டும், முதலில் அந்த ரத்தத்தைப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு 44 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமம். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், தோடு (கொட்டை ஓடு) உடைக்கிறேன். மூத்தவனைச் சுமந்தபோதே மூலம் தலைகாட்டியது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கூடவே தங்கிவிட்டது. ஆறு மாதமாக மலம் கழித்ததும் சொட்டுச் சொட்டாக ரத்தம் போகிறது. வலி இல்லை. சில நாள் சதை வெளியே வருகிறது, கையால் தள்ளினால் உள்ளே போய்விடுகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறேன், அதுவும் ஆட்டுப் புழுக்கை போல. காலையில் ஒரு கட்டன் சாயாவோடு ஓடுவேன். பத்து மணிக்குப் புட்டோ தோசையோ, மதியம் சோறும் மீன்கறியும், இரவு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). ஆபீசில் கழிப்பறை தூரம், கிலோ கணக்கில் கூலி. அதனால் தண்ணீர் குறைவாகத்தான் குடிப்பேன். ரத்தக்குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள், அதற்குப் பின் மலம் இன்னும் இறுகிவிட்டது. மாமியார் துத்தி இலை வதக்கிக் கட்டச் சொல்கிறார். கணவர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பார்த்த விளம்பரத்தை நம்பி ஒரு பொடியும் களிம்பும் வாங்கிவந்தார். பக்கத்து வீட்டார் சாளை (மத்தி மீன்) சூடு, நிறுத்திவிடு என்கிறார்கள். ஆபரேஷன் என்றால் பயம், ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். இயற்கையாகவே சரிசெய்ய முடியுமா, டாக்டரம்மா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் ஒன்று சொல்கிறார், கணவர் ஒன்று வாங்கிவருகிறார், பக்கத்து வீட்டார் சாளையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக ரத்தம் போகிறது. இதுவரை ஒருவர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் கேட்ட இயற்கை வழிகளைச் சொல்லத்தான் போகிறேன். அவற்றில் நல்லவை நிறைய இருக்கின்றன. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி மூலத்தைப் பற்றியது அல்ல, ரத்தக்குறைவைப் பற்றியது. ஒரு பக்கம் ரத்தம் போகிறது, இன்னொரு பக்கம் ரத்தக்குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். மாத்திரை தந்தவரிடம் ரத்தம் போவதைச் சொன்னீர்களா? கூச்சத்தில் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

மூலத்து ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மலத்துக்குப் பின் சொட்டும். மலத்தின் மேல் பூசியது போல இருக்கும். உங்கள் விவரிப்பு அதோடு பொருந்துகிறது. ஆனால் குடலில் வளரும் கட்டியும் இதே சிவப்பில் ரத்தம் விடலாம், அதுவும் வலி இல்லாமல். மூலம் என்று தானே முடிவுகட்டி ஓர் ஆண்டு, ஈராண்டு பொடி சாப்பிட்டபின் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்கு விரல் வைத்துப் பார்த்தபோதே கட்டி தட்டுப்பட்டது. அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு அப்படி இருக்கும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனால் 40-ஐத் தாண்டிய ஒருவருக்கு, ரத்தக்குறைவும் சேர்ந்திருக்கும்போது, ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு துத்தி இலை கட்ட முடியாது. மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் ரத்தக்குறைவுக்கு அதுவும் ஒரு காரணம். மலத்தோடு கலந்த ரத்தம், கருஞ்சிவப்பு, சளி, எடை குறைதல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் எது இருந்தாலும் குழாய் விட்டுக் குடல் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரையால் மலம் கறுப்பாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். தார் போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் போனால்தான் தாமதிக்கக் கூடாது.

மூலம் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. ஆசனவாயின் உட்பக்கத்தில் மெத்தை போன்ற மூன்று திண்டுகள் பிறவியிலேயே எல்லோருக்கும் உண்டு. ரத்தக் குழாய்களும் மெல்லிய தசையும் சேர்ந்தவை அவை. ஆசனவாயை இறுக்கி மூட அவையும் உதவுகின்றன. காற்று எது, தண்ணீர் எது என்று பிரித்தறிவதிலும் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் முக்கி முக்கி அந்தத் திண்டுகளின் பிடிப்புத் தளர்ந்து, வீங்கிக் கீழே சரிவதைத்தான் மூலம் என்கிறோம். கர்ப்ப காலத்தில் வயிற்றின் பாரமும் ஹார்மோன் மாற்றமும் சேர்ந்து இதைத் தொடங்கிவைக்கும். உள்மூலம் இருக்கும் இடத்தில் வலி நரம்பு இல்லை, அதனால்தான் உங்களுக்கு வலிக்கவில்லை. கத்தியால் கீறுவது போல வலித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு, வைத்தியம் வேறு. கையால் தள்ளினால் உள்ளே போகிறது என்றால் மூன்றாம் நிலை. உணவாலும் பழக்கத்தாலும் ரத்தம் குறையும், வீக்கம் வற்றும், மேலும் சரியாமல் நிற்கும். ஏற்கெனவே சரிந்த சதை எந்த இலையாலும் பழைய இடத்துக்கு ஏறிப்போய் ஒட்டிக்கொள்ளாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து என்னைத் திட்டுவீர்கள்.

இனி உங்கள் வேலை. நீங்கள் மூலத்தை உணவில் தேடுகிறீர்கள். பாதிக்கு மேல் அது அந்த வேலைத்தளத்தில் இருக்கிறது. மலம் வரும் உணர்வை அடக்கினால் என்ன ஆகிறது? பெருங்குடலின் வேலையே மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதுதான். நீங்கள் அடக்கிய மலம் அங்கேயே கிடக்கும். குடல் தன் வேலையை நிறுத்தாமல் மேலும் மேலும் உறிஞ்சும். மாலையில் வீட்டுக்கு வரும்போது அது கல். தினமும் அடக்கினால் மலக்குடல் அழைப்பதையே நிறுத்திவிடும். அழைத்து அழைத்து யாரும் வராத வீட்டு வாசல் மாதிரி. போதாக்குறைக்கு, கழிப்பறைக்குப் போகாமல் இருக்கத் தண்ணீரையும் குறைக்கிறீர்கள். எழுந்து போய்வரும் கால் மணி நேரத்தில் எத்தனை கிராம் பருப்புக் குறையும் என்று கணக்குப் பார்க்கும் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் ரத்தமும் சேர்ந்திருக்கிறது. பெண்களுக்குத் தனியாக, வேலை நேரம் முழுவதும் எப்போதும் போய்வரத் தக்க கழிப்பறை இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. தூரத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு, போனால் கூலி போகும் என்ற ஏற்பாட்டை வைத்திருந்தால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறியதாக எனக்குத் தோன்றவில்லை. நான்கு பெண்கள் சேர்ந்து மேஸ்திரியிடம் கேளுங்கள். ஒருவராகக் கேட்பது கஷ்டம், எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தோடு உடைக்கிறவர்களின் விரல் நுனிகள் கறுத்துப் பொசுங்கியிருப்பதைப் புறநோயாளிப் பிரிவில் தினமும் பார்க்கிறேன். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கக்கூடியது. அதே கையோடு கால் கழுவினால் அங்கேயும் எரிச்சலும் அரிப்பும் வரும். ஏற்கெனவே வீங்கிய இடம் அது. கழிப்பறைக்குப் போவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எல்லோரும் போய்விட்டு வந்துதான் கழுவுவார்கள். உங்கள் வேலையைச் செய்கிறவர்கள் போவதற்கு முன்பும் கழுவ வேண்டும்.

அடக்காமல் இருக்க ஒரே வழி, வேலைக்குப் போகும் முன் வீட்டிலேயே முடித்துவிடுவது. அதற்கு உடம்பு ஓர் உதவி செய்கிறது. இரவெல்லாம் சும்மா கிடந்த வயிற்றில் காலையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் தானாக இறுகிச் சுருங்கி மலத்தைக் கீழே தள்ளும். வெறும் கட்டன் சாயா அதற்குப் போதாது. எழுந்ததும் இளஞ்சூடாக இரண்டு டம்ளர் தண்ணீர், அதன்பின் இரண்டு பழமோ முந்தின நாள் மிஞ்சிய பயறோ ஏதாவது. இருபது நிமிடம் முற்றம் பெருக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். பிறகு போய் உட்காருங்கள், வந்தாலும் வராவிட்டாலும். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். மறுநாளும் அதே நேரம். குடலைப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். கன்றுக்குட்டியைக் கயிற்றுக்குப் பழக்குவது போலத்தான், இழுத்தால் வராது.

முக்குவதுதான் மூலத்தின் வேர். மூச்சைப் பிடித்து முக்கும்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் அந்தத் திண்டுகளின் மேல் இறங்குகிறது. மூச்சை அடக்காமல், அடுப்பு ஊதுவது போல வாயால் மெதுவாக விட்டுக்கொண்டு, வயிற்றை முன்பக்கம் புடைக்கவிடுங்கள். புது வீட்டில் உயரமான கிளாசெட் வைத்திருந்தால் காலடியில் ஒரு குட்டி ஸ்டூலோ கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியோ வைத்து, முழங்கால் இடுப்பை விட உயரும்படி உட்காருங்கள். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை, கயிறு போட்டு முன்னே இழுத்துக் கட்டியது மாதிரி வளைத்துப் பிடித்திருக்கிறது. குந்தும்போது அந்தக் கயிறு தளர்ந்து வழி நேராகிறது. 2003-இல் இஸ்ரேலில் 28 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் குந்தியவர்களுக்குச் சராசரியாக 51 விநாடியும், உயரமான கிளாசெட்டில் உட்கார்ந்தவர்களுக்கு 130 விநாடியும் ஆனது. சின்ன ஆய்வுதான். ஆனால் நம் பழைய கழிப்பறைக்கு ஒரு நல்ல சான்றிதழ்.

உங்களுக்கு அல்ல, உங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு செய்தி: செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போகட்டும். 2025-இல் பாஸ்டனில் குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரைப் பார்த்ததில், கழிப்பறையில் போன் பார்க்கிறவர்களிடம் மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். சாளையைப் பாவம் விட்டுவிடுங்கள். சூடு என்று சொல்லி அதை நிறுத்தினால் உங்கள் சாப்பாட்டில் இருக்கும் நல்ல சத்தும் போய்விடும், அதுவும் ரத்தக்குறைவு இருக்கும்போது. மலம் இறுகுவது மீன் இருப்பதால் அல்ல, மீனுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லாததால். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராம் நார்ச்சத்து வேண்டும். நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூடத் தேறாது. மரச்சீனியில் இரண்டு கிராம் அளவுக்குத்தான். வயிறு நிறையும், குடலுக்கு வேலை இராது. நூறு கிராம் வேகவைத்த சிறுபயற்றிலோ ஏழு கிராமுக்கு மேல் இருக்கிறது. புட்டுக்குப் பயறும் பப்படமும் என்பது நம் ஊர் வழக்கம். எப்படியோ பல வீடுகளில் பயறு போய்ப் பப்படம் மட்டும் நின்றுவிட்டது. பயற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதுதான் நான் எழுதித்தரும் முதல் மருந்து. இரவு மரச்சீனிக்குப் பதில் வாரத்தில் நான்கு நாள் சிவப்புச் சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் வையுங்கள். மதியம் மீன்கறியோடு ஒரு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) கட்டாயம்: முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, காராமணி, எது மலிவோ அது. ஒரு கரண்டி தொட்டுக்கொள்வது போதாது, சோற்றில் பாதி அளவு இருக்க வேண்டும். கொய்யா கிடைக்கும் காலத்தில் தினம் ஒன்று. நூறு கிராமில் ஐந்து கிராம் நார். வாழைப்பழ விஷயத்தில் நம் மாவட்டத்தார் ஆளுக்கொரு கட்சி. மலச்சிக்கலுக்குப் பாளையங்கோட்டன்தான் என்பார் ஒருவர், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிதான் என்பார் இன்னொருவர். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. நன்றாகக் கனிந்திருக்கட்டும், தினமும் இரண்டு சாப்பிடுங்கள். காய்வெட்டான பழம் இறுக்கும்.

இதையெல்லாம் ஒரே நாளில் தொடங்கினால் வயிறு உப்பி, ‘டாக்டர் சொன்னதைக் கேட்டேன், வாயு பிடித்துவிட்டது’ என்பீர்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் இன்னும் அடைத்துக்கொள்ளும். லிட்டர் கணக்கு வேண்டாம். சிறுநீர் இளநீர் நிறத்துக்கு வரும்வரை குடியுங்கள். உணவால் மட்டும் போதவில்லை என்றால் மருந்துக்கடையில் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி கிடைக்கும். இரவில் இரண்டு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, குழகுழவென்று ஆவதற்குள் குடித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர். இதற்குக் குடல் அடிமையாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிக் கவலைப்பட வேண்டியது நிலாவாகை சேர்ந்த பேதிப் பொடிகளையும் மாதக்கணக்கில் குடிக்கும் விளக்கெண்ணெயையும் பற்றித்தான்.

இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் கட்டன் சாயாவோடு விழுங்குகிறீர்கள் என்றால் அதை இன்றே மாற்றுங்கள். சாயாவில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையின் பயன் குறைந்து மலச்சிக்கல் மட்டும் முழுதாக மிஞ்சும். எலுமிச்சைத் தண்ணீரோடு, சாயாவுக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது, வயிறும் இறுகுவதில்லை.

வீட்டு வைத்தியத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஒன்றே: வெந்நீரில் உட்காருவது. குழந்தையைக் குளிப்பாட்டும் அகலமான பிளாஸ்டிக் டப் போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுகமாக இருக்கும் சூட்டில், இடுப்பு நனையும் அளவுக்குத் தண்ணீர். மலம் கழித்தபின் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம். இறுகிய தசை தளரும், வீக்கமும் அரிப்பும் அடங்கும். உப்பு, மஞ்சள், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். சிலர் கிருமிநாசினியை ஊற்றிப் பொசுக்கிக்கொண்டு வருகிறார்கள். பிறகு தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சதை வெளியே வந்தால் எண்ணெய் தொட்ட விரலால், அவசரப்படாமல் உள்ளே தள்ளுங்கள்.

துத்தி இலை மீது எனக்குப் பகை இல்லை. சித்த மருத்துவத்தில் துத்திக்கும் கருணைக்கிழங்கு லேகியத்துக்கும் மூலத்தில் பழைய இடம் உண்டு. மாமியார் சொல்வது காற்றில் பிடித்த சொல் அல்ல. இளஞ்சூட்டில் வெளியே கட்டுவதால் இதமாக இருக்கும், செய்துகொள்ளுங்கள். புண்ணாகியிருந்தால் மட்டும் வேண்டாம். கிழங்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், அதுவும் நார்தான். லேகியம் வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் வாங்குங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பௌத்திரம், ஒரே நாளில் குணம்’ ஆளிடம் வாங்கிய பொடி வேறு கதை. உள்ளே என்ன இருக்கிறது என்று உறையில் எழுதாத எதையும் குடிக்காதீர்கள். பாதரசமும் ஈயமும் கலந்த பொடிகள் உண்டு, அவை சிறுநீரகத்தைத் தின்னும். களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தடவக் கூடாது, தோல் மெலிந்து கிழியும். அந்த ஆள் ஊசி போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தகுதியில்லாத கை போட்ட ஊசியால் அந்த இடமே அழுகி, ஆசனவாய் சுருங்கிப்போய் வந்தவர்களுக்கு நாங்கள் செய்ய நேரும் ஆபரேஷன், நீங்கள் பயப்படும் ஆபரேஷனை விடப் பெரியது.

அந்தப் பயத்தைப் பற்றி: மூலத்துக்கு வருகிற பலருக்குக் கத்தியே வேண்டாம். முதல் இரண்டு நிலைகளுக்கும், மூன்றாம் நிலையில் பலருக்கும், மூலத்தின் அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறோம். ரத்த ஓட்டம் தடைபட்டு அது சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் தானே உதிர்ந்துவிடும். 1963-இலிருந்து புறநோயாளிப் பிரிவிலேயே நடக்கிற முறை. மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். அருமனையிலும் குலசேகரத்திலும் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் என்னிடம் வரும்போது, ‘உங்கள் சரக்குதான், உங்களுக்கே மாட்டுகிறேன்’ என்று சொல்வேன். பாதிப் பயம் போய்விடும். வளையம் போட்டபின் காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் பிரியாமை எது வந்தாலும் அன்றே திரும்பி வர வேண்டும். திடீரென்று நீலமாக, கல் போன்ற கட்டி வெளியே தோன்றி உட்கார முடியாமல் வலித்தாலும் காத்திருக்காதீர்கள். உள்ளே உறைந்த ரத்தத்தை முதல் மூன்று நாளுக்குள் எடுத்தால் வலி உடனே தணியும்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலையில் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று சீட்டு வாங்கும்போதே கேட்கலாம். ஆண் டாக்டராக இருந்தாலும் நர்ஸ் உடன் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். சேலையை முழுவதும் களைய வேண்டியதில்லை. விரலால் ஒருமுறை, சிறு குழாயால் ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் கூலி போகும், வேறு வழியில்லை. இரும்பு மாத்திரை அட்டை, களிம்புக் குழல், அந்தப் பொடிப் பொட்டலம் மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தைக் கணவர் ஒளித்துவைத்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.